நேர்ந்துவிட்ட சேவலுக்கு நான் செய்த வைத்தியம்

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் என்னை அந்தப் பக்கம் அண்டவிடமாட்டார்கள். நான் பார்த்துக்கொண்டால் நோய் போய்விடும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. நோயாளிதான் அதற்குப் பிறகு எந்தக் காரியத்துக்கும் ஆகமாட்டார் என்பது அவர்கள் கட்சி. இந்தக் கெட்ட பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு சேவல். நான் வைத்தியம் ஆரம்பித்தபோது அது சேவல்கூட இல்லை. கொண்டை விடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த குஞ்சு.

எனக்குக் கல்யாணமான புதிது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் இருக்கும். நான் கிருஷ்ணகிரியில் ஜவுளிக்கடைக்காரர் மகள். கோழி என்றால் ஞாயிற்றுக்கிழமை குழம்புச் சட்டியில் கிடக்கும், அந்த அளவுக்குத்தான் எனக்கும் அதற்கும் பழக்கம். என்னைக் கட்டிக்கொடுத்தது உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில், ராகியும் கொள்ளும் வானத்தை நம்பி விளைகிற ஒரு ஊரில். அங்கே என் மாமனாரும் அவர் தம்பியும் கூட்டாக ஒரு கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு ஆழம் போனாலும் பாறைதான். வெடி வைத்து வைத்து அலுத்துப்போய், இத்தோடு விட்டுவிடலாம் என்று பேச்சு வந்த மாதத்தில் நான் அந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்துவைத்தேன். அந்த மாதமே பாறை இடுக்கில் ஊற்றுக் கண் திறந்துவிட்டது.

"மருமக ராசி" என்று ஊர் முழுக்கப் பேச்சு. நான் அந்தக் கிணற்றை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. (பார்த்தால் தலை சுற்றும்.) ஆனாலும் வலிய வந்த பட்டத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? மேலும், எனக்கு அது ரொம்பத் தேவையாகவும் இருந்தது. நான் கிண்டிய களியில் கட்டி விழும். பால் கறக்கப் போனால் மாடு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு நகர்ந்து நிற்கும். வறட்டி தட்டினால் சுவரில் ஒட்டாது, என்மேல் ஒட்டும். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த ராசிதான். அதை வைத்துத்தான் நான் தலைநிமிர்ந்து நடமாடிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வந்தால் ஒரு சேவல் தருவதாக மாமனார் முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். அதனால் வீட்டில் பொரித்த குஞ்சுகளில் கன்னங்கரேலென்று இருந்த ஒன்றைப் பிடித்து, காலில் மஞ்சள் நூல் கட்டி, ஆடி மாதப் பூசைக்கென்று விட்டார்கள். மாமியார் அதை என் கையில் கொடுத்தார்.

"ராசிக்காரி கையால வளரட்டும். பத்தரமாப் பாத்துக்கம்மா, சாமிப் பொருளு."

என் மாமியார் அதிகம் பேசமாட்டார். பேசவேண்டிய நேரம் வரும்வரை காத்திருப்பார். இதை நான் புரிந்துகொள்ளக் கொஞ்சக் காலம் பிடித்தது.

கிணற்றுத் தண்ணீரில் வாரத்தில் பாதி நாள் எங்கள் முறை, பாதி நாள் சின்ன மாமனார் முறை. மாடு பூட்டித் தோல் வாளியில் கவலை இறைத்துப் பாய்ச்ச வேண்டும். எங்கள் முறை வரும் நாளில் மட்டும் வாய்க்கால் கரையில் எங்காவது ஒரு பொந்து விழுந்து, தண்ணீர் சின்ன மாமனாரின் மிளகாய்ச் செடிகளுக்குப் போய்விடும். "எலி, எலி" என்று மாமனார் தினமும் திட்டுவார். அண்ணன் படும் பாட்டைப் பார்த்துத் தாங்காமல் சின்ன மாமனாரே ஒரு எலிப்பொறி கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவு தங்கமான மனிதர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் காலையில் குஞ்சு கூடையை விட்டு வெளியே வரவில்லை. தூக்கிப் பார்த்தேன். கண் இரண்டும் ஒட்டிக்கிடந்தது. மூக்கைச் சுற்றியும் கொண்டை முளைக்கிற இடத்திலும் கொப்புளங்கள். நான் போட்ட கூச்சலில் மாமியார் வந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மை போட்டிருக்குது. பொழைச்சா பொழைக்கும்" என்று சொல்லிவிட்டுக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்.

அவருக்கு அதோடு விஷயம் முடிந்தது. எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. சாமிக்கு விட்ட குஞ்சு என் கையில் செத்தால் என் ராசி என்னவாகும்? கிணற்றைக் கொண்டுவந்தவள் என்று சொன்ன அதே வாய்கள் என்ன சொல்லும்? அப்போதுதான் மாமியார் சொன்ன வார்த்தை மூளையில் ஏறியது. அம்மை. அம்மை வந்தால் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் என் தம்பிகளுக்கு வந்தபோது அம்மா செய்ததையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். கோழிக்கு வரும் அம்மை வேறு, மனிதருக்கு வரும் அம்மை வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

வாசல் இறவாரத்தில் வேப்பிலை செருகினேன். என்னுடைய பழைய சேலையைக் கூடையில் மடித்துப் போட்டு, மேலே வேப்பங்கொழுந்து பரப்பி, குஞ்சைப் படுக்கவைத்தேன். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக்கூடாது அல்லவா, தாளிப்பும் நிறுத்தப்பட்டது.

"கோழிக்கு அம்மைன்னா நான் ஏன் தாளிக்காத கொழம்பு திங்கணும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் மாமியாரைப் பார்த்தேன்.

மாமியார் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அது அம்மன் இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கும் தைரியம் வரவில்லை. "எங்க எறங்குனாலும் ஆத்தா ஆத்தாதான" என்று முனகிவிட்டு, தாளிக்காத குழம்பைப் பிசைந்து சாப்பிட்டார். மாமனார் அன்றிலிருந்து தம்பி வீட்டில் சாப்பிட ஆரம்பித்தார். அங்கே கடுகு வெடிக்கும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். என் வீட்டுக்காரர் அந்தச் சத்தம் வரும் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

வைத்தியம் சுலபமாக இல்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கொப்புளங்களில் தடவினால் குஞ்சு உடம்பைச் சிலுப்பும். பாதி சுவரில், மீதி என் முகத்தில். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துக் கண்ணைத் துடைத்தால் சிலுப்பும். களியைச் சிறு உருண்டையாக உருட்டி மோரில் தோய்த்து வாயில் வைத்தால் அதையும் சிலுப்பித் துப்பும். நானும் விடவில்லை. புற்றிலிருந்து கரையான் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். சிலுப்பாமல் நின்றால் ஒரு கரையான். சிலுப்பினால் கிடையாது. கண் தெரியாத குஞ்சுக்குக்கூட இந்தக் கணக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. போகப் போக என்ன தடவினாலும், என்ன ஊற்றினாலும் கற்சிலை மாதிரி நின்று வாயை மட்டும் திறந்தது. எனக்கு ஒரே பெருமை.

ஒரு காலையில் கூடையைத் திறந்தபோது அதன் ஒரு கண் பாதி திறந்திருந்தது. அந்தப் பாதிக் கண்ணால் என்னைப் பார்த்தது. சொன்னால் வெட்கம், நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அதுவரை ராசிக்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தக் குஞ்சுமேல் எனக்கு ஆசை வந்துவிட்டது.

கொப்புளம் காய்ந்து உதிர்ந்ததும் முறைப்படி தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். வேப்பிலை போட்டு வெயிலில் வைத்த மஞ்சள் தண்ணீர், இளஞ்சூட்டில். அது இறக்கையை விரித்து, கண்ணை மூடி, தொண்டைக்குள் ஏதோ முனகிக்கொண்டு நின்றது. அந்தச் சுகத்தைப் பார்த்தபின் நிறுத்த மனசு வருமா? தினமும் ஊற்றினேன். ஊற்றி முடித்ததும் மடியில் போட்டு முந்தானையால் துவட்டிவிடுவேன். கொஞ்ச நாளில் மஞ்சள் செம்பைக் கையில் எடுத்தாலே எங்கிருந்தாலும் ஓடிவந்து எதிரே நின்றது. நெஞ்சு பூரித்து, கொண்டை சிவந்து, கரிய இறக்கையில் பச்சை மினுமினுக்க, அந்த ஊரிலேயே அவ்வளவு லட்சணமான இளஞ்சேவல் கிடையாது. எதற்காக அதைத் தேற்றினேன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஆடி வந்தது.

ஏரிக்கரைப் பாறைமேல் முனியப்பன். பங்காளிகள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். பொங்கல் பொங்கியாகிவிட்டது. சேவலுக்காக மசாலா அரைத்து உருட்டி வைத்தாகிவிட்டது. அண்டாவைச் சின்ன மாமனார் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அவர் கரண்டியும் கையுமாகத் தயாராக நின்றார். நான் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் நடுவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பூசாரி தெலுங்குக்காரர். சாமியிடம் தெலுங்கிலும் எங்களிடம் தமிழிலும் பேசுவார். ஆடு கோழிகளிடம் மட்டும் கன்னடம். (ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவை கன்னடத்துக்குத்தான் கட்டுப்படும் என்பார்.) பலி கொடுக்கும் முன் மஞ்சள் தண்ணீர் தெளித்து உத்தரவு கேட்பது வழக்கம். சேவல் உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் கத்தி வைக்கக்கூடாது. இது எனக்குத் தெரியாது. எங்கள் கடை வீதியில் கோழிக்காரர் யாரிடமும் உத்தரவு கேட்டு நான் பார்த்ததில்லை.

பூசாரி ஒரு கை தண்ணீர் தெளித்தார். சேவல் அசையவில்லை.

"அல்லாடு, அல்லாடு" என்றார் கன்னடத்தில். உடம்பை ஆட்டு என்று அர்த்தம்.

சேவல் கண்ணை மூடியது. இறக்கையை விரித்தது. பூசாரி அரைச் செம்பு ஊற்றினார். அது தொண்டைக்குள் முனகியது. முழுச் செம்பையும் கவிழ்த்தார். சேவல் நிதானமாகத் திரும்பி நின்று மறுபக்கத்தைக் காட்டியது.

கூட்டத்தில் சலசலப்பு. அப்போதுதான் விளங்கியது, நான் இத்தனை நாள் அதற்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று. விளங்கி முடிப்பதற்குள் சேவல் கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தது. துவட்டிவிடும் ஆளைத் தேடுகிறது. கண்டுபிடித்தும் விட்டது. சொட்டச் சொட்ட, பங்காளிகள் நடுவில் மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்து, என் மடியில் ஏறி, பட்டு முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

பங்காளிகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

பூசாரி சாமியைப் பார்த்து, "தப்பு ஏமன்னா உண்டே செப்பு சாமி" என்றார், குற்றம் ஏதாவது இருந்தால் சொல்லச் சொல்லி. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "குடும்பத்துல ஏதோ குத்தம் இருக்குது. அதான் சாமி உத்தரவு குடுக்க மாட்டேங்குது. கோழி அந்தப் பொண்ணு மடியில போயி ஒக்காந்திருக்குதுன்னா, அந்தப் பொண்ணு மூலமாத்தான் சொல்லும். எல்லாரும் சும்மா இருங்க."

எல்லோரும் சும்மா இருந்து என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொல்வேன்? இது என் வேலை, தினமும் குளிப்பாட்டிக் கெடுத்துவிட்டேன் என்றால் கிணறு கொடுத்த ராசி அன்றோடு ஒழிந்தது. சாயங்கால பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்கு ஏற்றிவிடுவார்கள். சொல்லாமல் இருந்தால் குற்றம் யார் தலையில் விழுமோ. போதாததற்கு, துவட்டிக் கீழே விட்டால் ஒருவேளை அது சிலுப்பிவிடும் என்று ஒரு நினைப்பு. சிலுப்பினால் கத்தி. என் கை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கண் எதிரே எங்கோ நிலைகுத்திவிட்டது. அந்த எங்கோவில் சின்ன மாமனார் கரண்டியோடு நின்றிருந்தார்.

அவர் கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்தார். அசைகிற பொருள் ஆயிற்றே, என் கண்ணும் அவரோடு போனது. இடது பக்கம் நகர்ந்தார். கண் மறுபடி போனது. அவர் முகம் வெளுத்தது.

"என்ன ஏம்மா அப்பிடிப் பாக்கற?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை.

அவர் கரண்டியை அண்டாமேல் வைத்தார். "அண்ணா, அது எலி இல்ல" என்றார்.

மாமனாருக்குப் புரியவில்லை. "எது எலி இல்ல?"

"வாய்க்காக் கரைப் பொந்து. நான்தான் கடப்பாரையில குத்தி வுட்டன்."

"அப்ப எலிப்பொறி குடுத்தியே?"

"அது நல்ல பொறிதான் அண்ணா" என்றார் சின்ன மாமனார், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

மாமனார் கோபத்தில் துண்டை உதறித் தோளில் போட்டார். பூசாரி நடுவில் புகுந்தார். சாமி முன்னால் சண்டை வேண்டாம், பரிகாரம் சொல்லுங்கள் என்றார். சின்ன மாமனார் தன்னுடைய சனிக்கிழமை முறையை இனி அண்ணனே வைத்துக்கொள்ளட்டும் என்று கற்பூரத்தின்மேல் சத்தியம் செய்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. மாமியார் காதருகே குனிந்து, "அத்தை, அது வந்து, நான் தினமும்…" என்று ஆரம்பித்தேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. இன்றைக்கும் நினைத்தால் வலிக்கும்.

"இரு. இன்னும் எதுனா வரும்" என்றார் மாமியார் உதடு அசையாமல். பிறகு சத்தமாக, "அவ்ளோதானா கொழுந்தனாரே? இல்ல, இன்னும் எதுனா இருக்குதா?" என்று கேட்டார்.

சின்ன மாமனார் என்னை ஒரு தரம் பார்த்தார். போன வருஷம் எங்கள் வீட்டில் காணாமல் போன ஏர்க்கொழு அவர் வீட்டுப் பரண்மேல் இருப்பதையும் சொன்னார்.

பூசாரி திருப்தியாக மறுபடி வந்து, என் மடியிலேயே சேவல்மேல் தண்ணீர் தெளித்தார். அது தூங்கிவிட்டிருந்தது. அவருக்கு மூன்று பாஷையும் தீர்ந்துபோனது.

அப்போது மாமியார், ரொம்பச் சாதாரணமாக, "பூசாரி, இதுக்கு அம்மை போட்டு எறங்கியிருக்குது" என்றார்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? ஆத்தா எறங்குன ஒடம்ப முனியப்பன் எப்பிடிக் கேப்பான்? வுட்டுடுங்க" என்றார் பூசாரி. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

சேவலுக்குப் பதில் குங்குமம் தடவிய பூசணிக்காய் வெட்டப்பட்டது. அரைத்த மசாலாவை என்ன செய்வது? இன்னொரு பூசணிக்காயை வெட்டி அண்டாவில் போட்டார்கள். கறிச்சோறு என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு வந்த பங்காளிகள் பூசணிக் குழம்பைப் பிசைந்தபடி, ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு தரம் என் மடியைப் பார்த்தார்கள். என் கல்யாணப் பட்டு மஞ்சளும் கோழி எச்சமுமாக இருந்தது. தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று உட்கார்ந்திருந்தேன். மடி மட்டும் கதகதவென்று இருந்தது. வெட்கத்துக்கு நடுவிலும், சேவல் பிழைத்ததே என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

வீட்டுக்குத் திரும்பும்போது சேவலை இடுக்கிக்கொண்டு மாமியார் பின்னால் நடந்தேன்.

"அத்தை, நான் குளிப்பாட்டினது உங்களுக்குத் தெரியுமா?"

"என் ஊட்டு மஞ்சள் எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப முதல்லயே பூசாரிகிட்ட அம்மைன்னு சொல்லியிருக்கலாமே?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சொல்லியிருந்தா எலி எப்பிடி வெளிய வரும்?" என்றார்.

அதன்பின் என் ராசிக்கு ஒரு குறையும் வரவில்லை. போதாததற்கு என் பார்வைக்கு வேறு பயப்பட ஆரம்பித்தார்கள். நான் சும்மா எதையாவது யோசித்துக்கொண்டு யாரையாவது பார்த்தால் போதும், அவர்கள் பாட்டுக்கு எதையாவது ஒப்புக்கொண்டார்கள். சேவலைச் சாமிக்கும் கொடுக்க முடியாது, சமைக்கவும் முடியாது. வெகுகாலம் இருந்தது. ஒரு வேலைக்கும் ஆகவில்லை. உச்சி வெயிலில் எழுந்து கூவும். கொட்டும் மழையில் எல்லாக் கோழியும் கூடைக்கு ஓடும்போது அது மட்டும் முற்றத்தில் இறக்கையை விரித்து நின்று, யாராவது துவட்டிவிட வருவார்களா என்று பார்க்கும். நான் போவேன்.

பல வருஷம் கழித்து என் பெரிய பெண்ணின் கல்யாணப் பந்தியில் என் வீட்டுக்காரருக்கு உற்சாகம் மிஞ்சிவிட்டது. சம்பந்தி வீட்டாரிடம் மஞ்சள் தண்ணீர், கரையான், சிலுப்பினால் கிடையாது என்று கதை முழுவதையும் விலாவாரியாகச் சொல்லிவிட்டார். அடுத்த இலையில் சின்ன மாமனார் உட்கார்ந்திருப்பதை அவர் கவனிக்கவில்லை. பாயசத்தை வழித்துக்கொண்டிருந்த கிழவரின் கை நின்றது.

"அப்ப அன்னிக்கி சாமி கேக்கலையா?"

"இல்லீங்க சித்தப்பா. கோழிக்குப் பழக்கம், அவ்வளவுதான்."

அவர் மிச்சப் பாயசத்தையும் வழித்து முடித்தார். பந்தியே சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. பிறகு பரிமாறிக்கொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்த்து, கையை நீட்டினார்.

"அப்ப என் சனிக்கெழமையத் திருப்பிக் குடும்மா."

அவர் விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது அவரும் இல்லை, என் மாமனாரும் இல்லை. நிலத்தைக் கம்பெனிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள். கிணற்றை மூடி, மேலே சிமென்ட் போட்டு, லாரி நிறுத்துகிறார்கள். ஆனாலும் கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால் சின்ன மாமனாரின் பேரன்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுந்ததும், சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால், "பெரியம்மா, எங்க சனிக்கெழமைய எப்பத் தருவீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். வர்ற வாரம் தர்றேன்டா என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.